சர்க்கரை பம்ப்பைத் தானாக ஓடவிடும் முன்

நுண்ணுயிர்களை வளர்க்கும் நொதிகலனைத் தானியங்கியாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் வெப்பநிலையிலும் பிஎச்சிலும் தொடங்குகிறார்கள். அவை சீக்கிரம் வழிக்கு வந்துவிடும். என் அனுபவத்தில் விளைச்சலைக் கூட்டுவது சர்க்கரை ஊட்டும் பம்ப்தான். அளவுக்கு மேல் சர்க்கரை கிடைத்தால், ஆக்சிஜன் இருந்தும் ஈஸ்ட் அதை எத்தனாலாக்கிவிடும்; ஈ.கோலை பாக்டீரியா அசிட்டேட்டாக்கும். சர்க்கரையும் வீண், வளர்ச்சியும் மந்தம்.

முதலில், கலனில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் ப்ரோபைச் சரிபாருங்கள். 121 டிகிரியில் கிருமிநீக்கம் முடிந்து, கலன் வேலை வெப்பநிலைக்கு வந்தபின், காற்றும் கலக்கியும் ஓட, அளவு நிலைத்ததும் அதை 100 சதவீதம் என்று வையுங்கள். விதையை, அதாவது தொடக்க நுண்ணுயிர்க் கரைசலை, ஊற்றும் முன்பே இதை முடிக்க வேண்டும்.

ஆக்சிஜன் இலக்கு 30 சதவீதம் இருக்கட்டும். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் கலக்கி வேகம், அது உச்சத்தைத் தொட்டதும் காற்று, கடைசியாகத் தூய ஆக்சிஜன். ப்ரோப் தாமதமாகவே காட்டும் என்பதால் கட்டுப்பாட்டைப் பதறவிடாதீர்கள்.

தொடக்கச் சர்க்கரை தீர்ந்ததும் செல்கள் ஆக்சிஜனை எடுப்பது குறைந்து, அதன் அளவு செங்குத்தாக ஏறும். அப்போது ஊட்டத்தைத் தொடங்குங்கள். செல்களின் வளர்ச்சி வேகம் மணிக்கு 0.15 என்றால், பம்ப் வேகம் சுமார் 4.6 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்க வேண்டும். காற்றோ குளிர்விப்போ எல்லையைத் தொட்டால், பம்ப் வேகத்தை மேலும் கூட்டாமல் அப்படியே வைத்திருங்கள்.

நான் ஒரு தொகுதியை இழந்தது இங்கேதான். ஆக்சிஜன் 50-ஐத் தாண்டினால் பம்ப் ஓட வேண்டும் என்று வைத்துவிட்டு, கலக்கியையும் அதே ஆக்சிஜனிடம் விட்டிருந்தேன். இரவு முழுக்கத் திரையில் 30-இல் நேர்க்கோடு. செல்கள் பட்டினி கிடந்தன; ஆக்சிஜன் ஏறப் பார்த்தபோதெல்லாம் கலக்கி வேகத்தைக் குறைத்து அதை அமுக்கிக்கொண்டே இருந்தது. குறைந்தபட்ச வேகத்தையும் மிகத் தாழ்வாக வைத்திருந்தேன். அதனால் பம்ப்புக்கு ஆணையே போகவில்லை. இப்போது ஆக்சிஜனைப் பார்த்து ஊட்டும் நேரத்தில் கலக்கியின் வேகத்தைப் பூட்டிவிடுகிறேன்.

நுரையடக்கியையும் சிறு சிறு அளவாக, இடைவெளி விட்டே சேர்க்கச் செய்யுங்கள். அதிகம் போனால் ஆக்சிஜன் சட்டென்று விழும்; சர்க்கரை கூடிவிட்டது என்று தவறாக எண்ணத் தோன்றும்.

சந்தேகம் வந்தால் கலக்கியை நிலையாக வைத்துப் பம்ப்பை ஓரிரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஆக்சிஜன் உடனே ஏறினால் ஊட்டம் சரி. அசையாமல் கிடந்தால் கலனில் சர்க்கரை தேங்கியிருக்கிறது. அது தீரும்வரை பம்ப்பை மீண்டும் ஓடவிடாதீர்கள்.