கோடா, பட்டையா, வளையமா? பாத்ததை பாத்த மாதிரியே சொல்ல சில வார்த்தைகள்

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க மோட்டார் ரூம்ல ஒரு பாம்பு. பாம்பு பிடிக்கிற அண்ணனுக்கு போன் போட்டு "கறுப்பு பாம்புண்ணே, மேல வெள்ளை கோடு கோடா இருக்கு"ன்னேன். "கோடு நெடுக்க ஓடுதா குறுக்க ஓடுதா தம்பி? கழுத்துகிட்டயே இருக்கா, பின்னாடி போகப்போக தெரியுதா?"ன்னு கேட்டாரு. பாம்பு கண்ணு முன்னாடி தான் கெடக்கு, ஆனா எனக்கு சொல்ல வரல.

அவர் சும்மா கேக்கல. கட்டுவிரியனுக்கு பெரும்பாலும் கழுத்துப் பக்கம் பட்டை மங்கலா இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது, வாலை நோக்கி போகப்போக தெளிவாகும், மெல்லிசா ரெண்டு ரெண்டா ஜோடி போட்டும் வரும். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு (ஓநாய்ப்பாம்புன்னும் சொல்வாங்க) அப்படியே தலைகீழ், முன்னாடி தெளிவு, பின்னாடி மங்கல். குட்டிகள்ல இது மாறும், அதனால இதை நம்பி கிட்டப் போய் பாக்குற வேலையெல்லாம் வேணாம், தூரத்துல நின்னு போட்டோ எடுங்க போதும்.

அன்னிக்கு அப்பறம் நான் பழகிக்கிட்டது, முதல்ல திசையை சொல்லிடணும். உடம்பு நீளத்துக்கு ஓடுனா கோடு, அணில் முதுகுல இருக்கே அது. குறுக்க ஓடுனா பட்டை. அந்தப் பட்டை வயித்தையும் சேத்து முழுசா சுத்தி வந்தா தான் வளையம், முதுகோட நின்னுட்டா பட்டை தான். (புலிக்கு குறுக்க தான் இருக்கு, ஆனா வரிப்புலின்னு பேரு வெச்சாச்சு, அதை இனிமே யாரும் மாத்தப்போறதில்ல.)

புள்ளிலயும் இதே குழப்பம். புள்ளிமானுக்கு இருக்குறது சுத்தமான புள்ளி. சிறுத்தைக்கு இருக்குறதை புள்ளின்னு சொன்னா பத்தாது, சின்ன சின்ன கறுப்புத் திட்டு ஒண்ணா கூடி பூ மாதிரி வட்டம் போட்டு நிக்கும், நடுவுல வேற நிறம், அதை பூப்புள்ளின்னு சொல்லலாம். தென் அமெரிக்கா ஜாகுவாருக்கு அந்தப் பூவுக்கு உள்ளேயும் குட்டிப் பொட்டு இருக்கும். அடுக்கடுக்கா வட்டம் இருந்து நடுவுல கறுவிழி மாதிரி தெரிஞ்சா அது கண், மயில் தோகைக்கு நாம எப்பவோ வெச்ச பேரு தான். ஓரம் வெட்டுன மாதிரி இருக்கா, கரைஞ்சு போகுதான்னும் ஒரு வார்த்தை சேத்துக்கோங்க. கண்ணாடி விரியன்னா உள்ளருந்து வெளிய சொல்லுங்க: நடுவுல பழுப்பு, சுத்தி கறுப்பு விளிம்பு, அதுக்கு வெளிய மெல்லிசா வெள்ளை, இப்படி 3 வரிசை, சங்கிலி மாதிரி.

இதுவரைக்கும் சொன்னது நிறம். மேடு பள்ளம் வேற கதை, இந்த ரெண்டையும் ஒரே வாக்கியத்துல கலந்துட்டா எல்லாம் குழம்பிடும். செதில் நடுவுல வரப்பு மாதிரி ஒரு மேடு நீளவாக்குல ஓடுதான்னு பாருங்க. இருந்தா வெளிச்சம் பட்டாலும் மங்கலா சொரசொரன்னு தெரியும், கண்ணாடி விரியன் அப்படித்தான். வரப்பு இல்லாத செதில் எண்ணெய் தடவுன மாதிரி மின்னும், கட்டுவிரியன் மாதிரி. சுருட்டை விரியனுக்கு பக்கவாட்டு செதில் வரப்புல ரம்பப் பல்லு இருக்கு, உடம்பை மடிச்சு தேய்ச்சா சர்ர்ர்னு சத்தமே வரும்.

வண்டுக்கு வந்தா குழியும் வாய்க்காலும். சின்ன வயசுல தீப்பெட்டில பொன்வண்டு வளத்தவங்களுக்கு தெரியும், கழுத்துக்கு மேல இருக்குற அந்த பச்சைக் கவசத்துல டெய்லர் விரல்ல மாட்டுற தொப்பி மாதிரி குழி குழியா இருக்கும். நான் ரொம்ப நாள் அதை புள்ளின்னே நினைச்சேன். தென்னைல வர்ற சிவப்பு கூன்வண்டை எடுத்துக்கோங்க, இறக்கை மூடில நீளவாக்குல உழுத சால் மாதிரி வாய்க்கால், கழுத்துக் கவசத்துல கறுப்பு புள்ளி. சால் மேடுபள்ளம், புள்ளி நிறம், தனித்தனியா எழுதணும்.

குழியா புள்ளியான்னு சந்தேகம்னா டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. குழின்னா ஒரு ஓரத்துல நிழல் விழும், டார்ச்சை நகத்துனா நிழலும் நகரும். புள்ளி அசையாது.

சில ஆண் தட்டானுக்கு வயசாக ஆக உடம்பு மேல நீலச்சாம்பலா படியுமே, திராட்சை மேல இருக்குற மாதிரி, அதுக்கு மாவு படிஞ்சிருக்குன்னு சொன்னா போதும். அது மெழுகுப் பூச்சு, தொட்டா அழிஞ்சிடும். முடிக்கு மாட்டுச்சந்தை வார்த்தையே இருக்கு, சுழி. ராசி பாக்குறதை விட்டுத்தள்ளுங்க, முடி சுத்தி வளர்ற இடத்துக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது.

எழுதும்போது ஈரமா இருக்கா, காஞ்சிருக்கான்னும் குறிச்சுக்கோங்க, நனைஞ்சா சொரசொரப்பு செதிலும் மின்னும். சட்டை உரிக்கப்போற பாம்புன்னா எதிர்ப்பக்கம், மின்னுற செதிலே மங்கி கண்ணு நீலம் பூத்துக் கிடக்கும், ஒரு வாரம் கழிச்சு பாத்தா வேற பாம்போன்னு தோணும்.