டிஷ்ஷைக் கழற்றுவதற்கு முன்: மலையக வீடுகளில் ஸ்ட்ரீமிங்குக்கு மாறும் முறை

டிவியில் செருகி இணையப் படம் பார்க்கும் ஸ்டிக் வாங்குவது கடைசி வேலை. கேபிளையோ டிஷ்ஷையோ விட்டு இணையத்துக்கு மாறிக் கையைச் சுட்டுக்கொண்ட வீடுகளில் பெட்டி பழுதாக இருப்பது அபூர்வம். வீட்டுக்குள் சிக்னல் வராது, அல்லது மாதம் பாதியில் டேட்டா முடிந்துவிடும். ஆகவே முதலில் சிக்னலை அளக்க வேண்டும், அடுத்து டேட்டாவுக்குக் கணக்குப் போட வேண்டும், பிறகுதான் சாதனம் வாங்க வேண்டும். டிஷ்ஷைத் தொடுவது அதற்கும் ஒரு மாதம் கழித்து.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களில் ஃபைபர் கம்பி வரும் தெருவில் இருந்தால் சிக்னல் பகுதியைத் தாண்டி நேரே டேட்டாக் கணக்குக்குப் போய்விடலாம். தோட்டப்பக்கம் இருப்பவர்களுக்கு சிம் போட்டு வைஃபை தரும் 4ஜி ரவுட்டர்தான் வழி. செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. ஆனால் செலவு அதிகம், அதன் தட்டுக்கு நாலாபுறமும் திறந்த வானமும் வேண்டும். பள்ளத்தில் இருக்கும் லயத்தைச் சுற்றி டர்பன்டைன் மரங்கள் நின்றால் படம் நிமிடத்துக்கு ஒரு தடவை நிற்கும்.

சிக்னலை அளத்தல்

போனில் நாலு கோடு தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. செல்மேப்பர் போன்ற ஒரு செயலியைப் போட்டு இரண்டு எண்களைப் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரிலிருந்து வரும் பலம். அது மைனஸ் 90க்கு மேல் (மைனஸ் 80, மைனஸ் 85) இருந்தால் நல்லது, மைனஸ் 100 வரை சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் வீட்டுக்குள் படம் பார்க்கும் எண்ணத்தை விடுங்கள். எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதைச் சொல்லும். 10க்கு மேல் வேண்டும், 20 கிடைத்தால் அதிர்ஷ்டம், பூச்சியத்துக்குக் கீழே போனால் பலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. மலைமுகட்டு வீடுகளில் இதுதான் நடக்கும்: ஐந்தாறு டவர்கள் ஒரே நேரத்தில் தெரியும், கோடுகள் நிறைந்திருக்கும், எஸ்ஐஎன்ஆர் 2இல் நிற்கும், படம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டயலொக், மொபிட்டெல், ஹட்ச் சிம்களை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி, ஒரே போனில், ஒரே இடத்தில் மாற்றி மாற்றிப் பாருங்கள். வேறு வேறு போனில் பார்த்தால் ஒப்பிடவே முடியாது, ஒவ்வொன்றின் அன்டெனாவும் ஒவ்வொரு மாதிரி. வேகத்தைக் காலை பத்து மணிக்கும், இரவு எட்டரைக்கும், குறைந்தது மூன்று நாட்களுக்கு அளக்க வேண்டும். காலையில் 25 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) வரும் இடத்தில் சீரியல் நேரத்தில் 3 வருவது சாதாரணம். நீங்கள் டிவி பார்க்கப்போவது அந்த நேரத்தில்தான் என்பதால் இரவு எண்ணை மட்டும் நம்புங்கள்.

பழைய லயக் காம்பராக்களின் கருங்கல் சுவரும் தகரக் கூரையும் சிக்னலுக்கு எமன். காம்பராவுக்குள் மைனஸ் 108 காட்டும் போன் இஸ்தோப்புக்கு வந்ததும் மைனஸ் 94 காட்டலாம். அதனால் ரவுட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில், இரும்புக் கம்பியிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைப் போன் பிரவுசரில் திறந்தால் (பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் முகவரி, பெரும்பாலும் 192.168.8.1 அல்லது 192.168.1.1) மேலே சொன்ன அதே இரண்டு எண்களும் தெரியும். ரவுட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் பொறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்ஐஎன்ஆர் எங்கே கூடுகிறதோ அதுதான் இடம். ஆர்எஸ்ஆர்பி இரண்டு மூன்று குறைந்தாலும் பரவாயில்லை.

வெளி அன்டெனா போடுவோர் செய்யும் பெரிய தவறு நீளமான மெல்லிய கம்பி. ஆர்ஜி58 வகைக் கறுப்புக் கம்பி 4ஜி ஓடும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய முக்கால் டெசிபல் (சிக்னல் பலத்தின் அளவு) தின்னும். 10 மீட்டர் போட்டால் 7, 8 டெசிபல் போயிற்று. 9 டெசிபல் அன்டெனா வாங்கியவருக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. கம்பியை 3 மீட்டருக்குள் வைத்துக்கொண்டு, ரவுட்டரையே கூரைக்குக் கீழே உயரத்தில் பொருத்தி, அங்கிருந்து லேன் கம்பியில் (ரவுட்டரில் செருகும் இணையக் கம்பி) டிவிக்கு வருவது நல்லது. லேன் கம்பி 100 மீட்டர் வரை இழப்பில்லாமல் போகும். அன்டெனா ஒன்று போதாது, இரண்டு வேண்டும்: ஒன்றை இடப்பக்கம் 45 பாகை, மற்றதை வலப்பக்கம் 45 பாகை சாய்த்துக் கட்டுங்கள். ரவுட்டர் வாங்கும்போதே பின்னால் திருகும் அன்டெனா வாய் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பல மாதிரிகளில் அது கிடையாது. பழைய டிஷ் கம்பத்தையே இதற்குப் பயன்படுத்தலாம். லயக் கூரையில் புதிதாக எதையும் அடிப்பதற்கு முன் தோட்டத் துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பாசி பிடித்த தகரத்தில் ஈரத்தோடு ஏறாதீர்கள்.

டேட்டாக் கணக்கு

எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: எம்பிபிஎஸ்ஸை 0.45ஆல் பெருக்கினால் ஒரு மணித்தியாலத்துக்குப் போகும் ஜிபி. யூடியூப் 480பி தரத்துக்கு 1.1 எம்பிபிஎஸ் கேட்கும், 720பிக்கு 2.5, 1080பிக்கு 5. ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் டிவி ஓடும் வீட்டில் மாதத்துக்கு 480பியில் 60 ஜிபி, 720பியில் 135 ஜிபி, 1080பியில் 270 ஜிபி. இது மேல்மட்டக் கணக்கு, அசையாமல் இருக்கும் பேட்டிக் காட்சி இதைவிடக் குறைவாக எடுக்கும். ஆனால் பெக்கேஜ் தெரிவு செய்ய இந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். 32 அங்குல டிவியில் எட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு 720பிக்கு மேல் எடுப்பதால் பெரிய வித்தியாசம் தெரியாது.

பெக்கேஜ் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடும் ஜிபியில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் செல்லுபடியாகும் நைட் டேட்டாவாக இருக்கலாம். ஏழு மணிச் செய்திக்கு அது உதவாது. பகல் டேட்டா எவ்வளவு, முடிந்தால் வேகம் குறையுமா அல்லது அடியோடு நிற்குமா, இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். நைட் டேட்டாவைப் பிள்ளைகளின் பாடக் காணொளிகளைப் போனில் இறக்கி வைக்கப் பயன்படுத்தலாம். யூடியூப் மட்டும், முகநூல் மட்டும் என்று தரும் போன் பெக்கேஜ்களில் நெட்ஃபிளிக்ஸ் ஓடினால் அது சாதாரண டேட்டாவிலிருந்துதான் கழியும்.

எந்தச் சாதனம்

டிவியிலேயே யூடியூப் இருந்தால் அதை வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், ஒன்றும் வாங்க வேண்டாம். இல்லாவிட்டால் கூகுள் டிவி வகை ஸ்டிக் அல்லது பெட்டி ஒன்று, அல்லது அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக். கடைகளில் மலிவாக அடுக்கியிருக்கும் பெயர் தெரியாத "ஆண்ட்ராய்ட் பொக்ஸ்" வேண்டாம். அவற்றில் ஓடுவது போனுக்கான ஆண்ட்ராய்ட். உயர்தரப் படத்துக்கு வேண்டிய வைட்வைன் எல்1 அனுமதி இல்லாததால் நெட்ஃபிளிக்ஸ் கட்டணம் கட்டியும் மங்கலான படம்தான் வரும். அதைவிட மோசம், சில பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்தே தீய மென்பொருளோடு வருகின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ இத்தகைய பெட்டிகளைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்தது. "எல்லா இந்தியச் சேனலும் ஆயிரம் ரூபாய்க்கு" என்று விற்கும் ஐபிடிவி (இணையம் வழியாக வரும் டிவி) கணக்குகளும் இதே ரகம்தான். கள்ள ஒளிபரப்பு, ஒரு நாள் காலையில் சொல்லாமல் நிற்கும், பணத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது.

பழைய குண்டு டிவி இருந்தாலும் வழி உண்டு. எச்டிஎம்ஐ சிக்னலைச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முள்ளுக்கு மாற்றும் சின்னக் கன்வேர்ட்டர் வாங்க வேண்டும். கன்வேர்ட்டர்களில் இரண்டு திசை உண்டு. "எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு" என்று சொல்லி வாங்குங்கள், மறுதிசைப் பெட்டி பார்வைக்கு அச்சு அசல் இதே போல இருக்கும், வேலை செய்யாது. அதற்குத் தனியாக 5 வோல்ட் மின்சாரமும் வேண்டும்.

போனிலிருந்து கம்பி போட்டு டிவிக்கு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கம்பியை வாங்கிவிடாதீர்கள். மலிவு விலைப் போன்களில் பெரும்பாலானவை சார்ஜ் வாயால் படம் வெளியே அனுப்பாது.

பொருத்துதல்

ஸ்டிக்கை டிவியின் எச்டிஎம்ஐ வாயில் செருகுங்கள். சுவரோடு ஒட்டிய டிவி என்றால் கூடவே வரும் குட்டை நீட்டிப்பைப் பயன்படுத்துங்கள், அதனால் வைஃபையும் நன்றாகப் பிடிக்கும். மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பி வாயிலிருந்து எடுக்காதீர்கள். பல டிவிகள் அதில் அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு 5 வோல்ட்டில் குறைந்தது 1 ஆம்பியர் தேவை. முத்திரைப் படம் வந்து, மறைந்து, மறுபடி வருவதாக ஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், பெட்டியோடு வந்த அடப்டரை மாட்டிப் பாருங்கள்.

வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு பெயர் தெரிந்தால், ரவுட்டர் அதே அறையில் இருக்கும்போது 5. நடுவே ஒரு கருங்கல் சுவர் வந்தாலே 2.4. போன் ஹொட்ஸ்பொட்டில் ஓட்டுவதானால் அதையும் 2.4க்கு மாற்றி, போனைச் சார்ஜில் போட்டு, ஜன்னலோரம் வையுங்கள். சட்டைப்பைக்குள் வைத்தால் சூடேறி வேகம் விழும்.

முதல் நாளே மாற்ற வேண்டிய அமைப்புகள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் இணையப் பக்கம் வழியாகப் பிளேபேக் (படம் ஓடும்) அமைப்புக்குப் போய் நடுத்தரத்தைத் தெரிவு செய்தால் மணித்தியாலத்துக்கு 0.7 ஜிபிதான் போகும், உயர்தரத்தில் விட்டால் எச்டிக்கு 3 ஜிபி வரை. யூடியூப்பில் தானாக அடுத்த காணொளி ஓடுவதை நிறுத்துங்கள். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் பல வீடுகளில் ஸ்டிக் அணைவதில்லை. திரை கறுப்பாக இருக்கும், உள்ளே கார்ட்டூன் விடிய விடிய ஓடும், காலையில் 10 ஜிபியைக் காணோம். படத்தை நிறுத்தி முகப்புப் பக்கத்துக்கு வந்த பிறகே டிவியை அணைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

இன்னும் இறுக்கமான வழி ரவுட்டரில் இருக்கிறது. வேகக் கட்டுப்பாட்டு வசதி உள்ள ரவுட்டரில் ஸ்டிக்கைக் கண்டுபிடித்து அதற்கு 3 எம்பிபிஎஸ் எல்லை போடுங்கள். செயலிகள் கிடைக்கும் வேகத்துக்கேற்பத் தரத்தைத் தாமாகவே இறக்கிக்கொள்ளும். யார் எந்த அமைப்பை மாற்றினாலும் மணித்தியாலத்துக்கு 1.35 ஜிபிக்கு மேல் போகாது.

என்ன பார்க்கலாம்

சக்தி, வசந்தம் செய்திகள் யூடியூப்பில் வந்துவிடுகின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2016 முதல் இலங்கையில் உண்டு, அமேசான் பிரைமும் கிடைக்கும். சன் குழுமச் சீரியல்களுக்கு சன் நெக்ஸ்ட், ஜீ தமிழுக்கு ஜீ5. இந்தியச் செயலிகளில் ஒரு சிக்கல்: இந்தியாவில் கிடைக்கும் எல்லாமே இங்கிருந்து திறக்காது. இலவசப் பகுதியில் உங்களுக்கு வேண்டிய நிகழ்ச்சி ஓடுகிறதா என்று பார்த்த பிறகு, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். வருடச் சந்தா வேண்டாம். வங்கி அட்டை மறுக்கப்பட்டால் பணம் இல்லை என்று அர்த்தமில்லை. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு மூடியிருக்கும், வங்கியின் செயலியிலோ கிளையிலோ திறந்துவிடச் சொல்லுங்கள்.

உள்ளூர்ச் சேனல்களுக்கு டேட்டாவே செலவழிக்க வேண்டியதில்லை. ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோதே அதன் ஒளிபரப்பு 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதலாகலை உச்சியிலிருந்து போனது. பழைய மீன்முள் அன்டெனா ஒன்றைக் கூரையில் ஏற்றிச் சரியான பக்கம் திருப்பினால் பல இடங்களில் உள்ளூர்ச் சேனல்கள் இலவசமாக வரும். நடுவே மலை மறைத்தால் வராது, அதற்குப் பூஸ்டர் வாங்கியும் பயனில்லை.

கிரிக்கெட் நேரலை இணையத்தில் அரை நிமிடம், சில வேளை அதற்கும் மேல் பிந்தி வரும். பக்கத்து வீட்டில் டிஷ் இருந்தால் விக்கெட் விழுந்ததை அவர்கள் கத்துவதிலிருந்தே தெரிந்துகொள்வீர்கள். இதற்கு மருந்து இல்லை.

மழை, இடி, கரண்ட்

டிஷ்ஷுக்குக் கனமழை ஆகாது, படம் சதுரம் சதுரமாக உடையும். 4ஜிக்கு மழையும் பனிமூட்டமும் பெரிய தடையில்லை, கரண்ட் வெட்டுத்தான் எதிரி. டவரின் பேட்டரி சில மணித்தியாலங்களில் தீர்ந்தால் உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தும் படம் வராது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் ஓட்டும் பேட்டரிப் பெட்டி) ஒன்று போடலாம். வாங்கும் முன் ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிடுங்கள், 9 வோல்ட் ரவுட்டரில் 12 கொடுத்தால் கருகிவிடும்.

ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரத்து இடி தொடங்கியதும் மின் பிளக்கை மட்டுமல்ல, அன்டெனாக் கம்பியையும் கூரையிலிருந்து வரும் லேன் கம்பியையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. மின்னல் மின்கம்பியால் மட்டுமல்ல, கூரைக் கம்பியாலும் நுழையலாம் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

டிஷ்ஷை எப்போது விடலாம்

ப்ரீபெய்ட் இணைப்பானால் ஒரு மாதம் ரீலோட் போடாமல் விட்டுப் பாருங்கள், டிஷ் அதன் இடத்திலேயே இருக்கட்டும். மாதக் கட்டண இணைப்பானால் எழுத்தில் நிறுத்தச் சொல்லி, பெட்டி அவர்களுடையதா உங்களுடையதா என்று உறுதிசெய்து, திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். இரவு வேகம் 3 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாத வீட்டில், குறித்த நேரத்துக்குக் குறித்த சீரியல் பார்க்கும் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால், டிஷ்ஷை வைத்துக்கொண்டு அதன் மிகக் குறைந்த பெக்கேஜுக்கு இறங்குவதே எங்கள் யோசனை. அவர்களுக்கு ஒரு பொத்தானை அமுக்கினால் படம் வர வேண்டும்.

கழற்றுவதானால் கம்பத்தை விட்டுத் தட்டை மட்டும் எடுங்கள். கூரைத் தகரத்தில் ஆணி எடுத்த ஓட்டைகளை அன்றைக்கே சிலிக்கன் போட்டு அடையுங்கள். பழைய கம்பி நுழைந்த துவாரத்தையும் மறக்க வேண்டாம், மழைத்தண்ணீர் அந்தக் கம்பி வழியாகவே இறங்கி நேரே டிவிக்குப் பின்னால் வந்து சேரும்.