ஆட்டோகேடில் ரிப்பன் காணாமல் போனால்

ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் மேலே இருக்கும் ரிப்பன் (பட்டன்கள் அடங்கிய பட்டை), பேலட்டுகள் (கருவிப் பலகைகள்) எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்திருந்தால், பெரும்பாலும் கை தவறி கண்ட்ரோல் + 0 அழுத்தியிருப்பீர்கள். அது கிளீன் ஸ்கிரீன் வசதி. அதே விசைகளை மறுபடி அழுத்தினால் எல்லாம் திரும்பிவிடும்.

டேப் பெயர்கள் மட்டும் தெரிந்து பட்டன்கள் தெரியவில்லை என்றால் ரிப்பன் சுருங்கியிருக்கிறது. டேப் பெயரின் மேல் டபுள் கிளிக் செய்யுங்கள். முழுதாக விரியும் வரை ஓரிரு முறை செய்ய வேண்டியிருக்கலாம்.

ரிப்பனே இல்லையா? கமாண்ட் லைனில் (கட்டளைகளைத் தட்டும் வரி) 'ரிப்பன்' (RIBBON) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். கமாண்ட் லைனும் இல்லாவிட்டால் முதலில் கண்ட்ரோல் + 9. பழைய மெனு வரிசைக்கு 'மெனுபார்' (MENUBAR) என்று தட்டி மதிப்பை 1 ஆக்குங்கள்.

ரிப்பன் வந்தும் வெறுமையாக இருந்தால் பிழை ஒர்க்ஸ்பேஸில் (திரையில் எந்தக் கருவிகள் தெரிய வேண்டும் என்ற அமைப்பில்) இருக்கலாம். வலது கீழ் மூலையிலுள்ள பல்சக்கரத்தைச் சொடுக்கி 'டிராஃப்டிங் அண்ட் அனோடேஷன்' தேர்ந்தெடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் 'சியுஐலோட்' (CUILOAD) கட்டளையில் ஆட்டோகேடின் மூல சியுஐஎக்ஸ் (CUIX) கோப்பை, அதாவது மெனு, ரிப்பன் அமைப்புகள் உள்ள கோப்பை, மறுபடி ஏற்றுங்கள்.

இன்னொரு தொல்லை: ஓபன் கொடுத்தால் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வராமல் கமாண்ட் லைன் கோப்பின் பெயரைக் கேட்கிறதா? பாதியில் நின்றுபோன ஒரு லிஸ்ப் நிரல் (ஆட்டோகேடுக்குள் ஓடும் சிறு நிரல்) 'ஃபைல்டயா' (FILEDIA) மாறியை 0 ஆக்கிவிட்டிருக்கும். கமாண்ட் லைனில் அதைத் தட்டி 1 ஆக்குங்கள்.

விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவிலுள்ள 'ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்' கடைசி வழியாகவே இருக்கட்டும். நீங்களே அமைத்த டூல்பார், குறுக்கு விசைகள் எல்லாம் அதில் போய்விடும்; அது கேட்கும்போது பேக்கப் எடுத்துக்கொண்டே தொடருங்கள்.