வயதானவரின் குடியை ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள்

வீட்டுப் பெரியவர் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால், பாட்டிலை ஒளித்துவைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். பல வருடம் பழகிய உடம்புக்கு அது ஆபத்து. சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அப்புறம் ஆள் தெரியாமல் உளறினாலோ, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டாலோ, "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது.

நிறுத்துவதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தருவது எல்லாமே மதுவோடு சேர்ந்தால் விபரீதமாகலாம். வயதாக ஆக உடலில் நீர்ச்சத்து குறைவதால், முன்பு தாங்கிய அதே அளவே இப்போது கூடுதல் போதை தரும்.

பேச்சை அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் எடுங்கள். பேரப்பிள்ளைகள் முன்னால் வேண்டவே வேண்டாம். "குடியை விடுங்க" என்பதைவிட, "ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறுறீங்க, பயமா இருக்கு, டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.