வர்க்கமூலம் உள்ள சமன்பாடு: விடை வந்த பிறகும் ஒரு வேலை

செந்தூலில் என் வீட்டுக்கு டியூஷன் வரும் படிவம் நான்கு மாணவி, போன வாரம் ஒரு கணக்கின் அடியில் 2, 9 என்று இரண்டு விடை எழுதி, ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடும் போட்டுவிட்டாள். 2 தவறு. "எந்த வரியில தப்பு டீச்சர்?" என்று கேட்டாள். எந்த வரியிலும் தப்பில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் எக்ஸ் என்று எழுதும் தெரியாத எண்ணை இங்கே 'க' என்று வைத்துக்கொள்வோம். முதலில் எளிய கணக்கு:

√(2க + 3) − 1 = 4

மூலத்தைத் தனியாக நிறுத்துங்கள்: √(2க + 3) = 5. இப்போது இருபக்கமும் வர்க்கப்படுத்தினால் 2க + 3 = 25, க = 11. அந்த −1 ஐ நகர்த்தாமல் வர்க்கப்படுத்தினால் மூலம் போகவே போகாது. நடு உறுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இனி அவள் போட்ட கணக்கு:

√(க + 7) = க − 5

மூலம் ஏற்கெனவே தனியாக இருக்கிறது. வர்க்கப்படுத்துவோம்.

க + 7 = க² − 10க + 25

வலப்பக்கத்தை க² + 25 என்று எழுதிவிடாதீர்கள். என் சிவப்புப் பேனா அதிகம் விழும் இடம் அதுதான். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால்:

க² − 11க + 18 = 0
(க − 2)(க − 9) = 0

இரண்டையும் முதல் வரியில் பிரதியிடுங்கள். க = 9 என்றால் இடப்பக்கம் √16 = 4, வலப்பக்கமும் 4. க = 2 என்றால் இடப்பக்கம் √9 = 3, வலப்பக்கம் −3. பொருந்தவில்லை.

3, −3 இரண்டையும் வர்க்கப்படுத்தினால் 9 தான். குறி அங்கே அழிந்துபோகிறது. அதனால் −√(க + 7) = க − 5 என்ற வேறொரு சமன்பாட்டின் விடையும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது. 2 அதற்குச் சொந்தமானது. க² = 9 என்றால் விடை இரண்டு; ஆனால் √9 என்று எழுதினால் 3 மட்டுமே. இதே காரணத்தால் √(3க + 1) = −4 என்று வந்தால் கணக்கே போட வேண்டாம், தீர்வு இல்லை.

இரண்டு மூலம் இருந்தால் ஒன்றை மறுபக்கம் தள்ளுங்கள். √(க + 5) + √க = 5 என்பது √(க + 5) = 5 − √க ஆகும். வர்க்கப்படுத்தினால் க + 5 = 25 − 10√க + க. இரு பக்கமும் உள்ள க நீங்கி √க = 2, க = 4. சரிபார்த்தால் 3 + 2 = 5.

அவளுக்குக் கொடுத்த அடுத்த கணக்கு √(க + 12) = க. பிரதியிட்டுப் பார்த்த பிறகே இரட்டைக் கோடு போடுங்கள்.