காருக்கு ஒரு வெட்டிவேர் முடிச்சு: வீட்டிலேயே கட்டுவது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மத்தி வாங்கிக்கொண்டு, அப்படியே புதுச்சேரியில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். பையில் ஓட்டை இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் மீன் தண்ணீர் பின்பக்கம் முழுக்க இறங்கிவிட்டது. கழுவிக் காயவைத்தேன். வாசனைப் புட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். கவிச்சியோடு ரோஜா செண்டும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். அடுத்த பயணத்தில் பத்தே நிமிடத்தில் அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். அதன் பிறகுதான் இதை முறையாகச் செய்து பார்க்க ஆரம்பித்தேன். இப்போது எங்கள் வண்டியில் இருப்பது வெட்டிவேர் முடிச்சு. அம்மா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருகிறார்.

இதற்குத் தையல் தெரிய வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை.

முதலில் இருக்கிற வாடையைப் போக்குங்கள்

நிறையப் பேர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாடையின் மேல் வாசனையை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும், அதுதான் குமட்டும்.

மீன் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமின் என்ற பொருள். அது காரத்தன்மை உள்ளது, அதனால் புளிப்புக்கு அடங்கும். மீன் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ சேர்க்கிறோமே, அதே கணக்குதான். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, மீன் தண்ணீர் பட்ட இடத்தை ஒற்றி ஒற்றி எடுங்கள். சாயம் போகிறதா என்று முதலில் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நான்கு கதவையும் திறந்து போட்டு நன்றாகக் காயவிடுங்கள்.

எல்லா வாடைக்கும் ஆப்பசோடா தூவச் சொல்வார்கள். மீன் வாடைக்கு அது பெரிதாக உதவாது, ஏனென்றால் அதுவும் காரம்தான். பால் சிந்தியது, தயிர் கொட்டியது, குழந்தை வாந்தி எடுத்தது போன்ற புளித்த வாடைகளுக்கு அதுதான் சரி. ஈரம் காய்ந்த பிறகு தூவி, ஒரு இரவு விட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தால், உள்ளே ஈரம் தங்குகிறது என்று அர்த்தம். வீடு வந்து சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். ஏசி ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

ஏன் வெட்டிவேர்?

மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் 60 டிகிரி செல்சியஸைக் கூடத் தொடும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற வாசனைகள் அந்தச் சூட்டில் ஓரிரு நாளில் பறந்துவிடும். வெட்டிவேரின் எண்ணெய் கனமானது, மெதுவாகத்தான் ஆவியாகும். அத்தர், செண்டு செய்கிறவர்கள் மற்ற வாசனைகளைப் பிடித்துவைக்க இதைச் சேர்ப்பதும் அதனால்தான். நமக்கு இது அக்கம்பக்கத்துப் பயிரும்கூட. கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் கடலோர மணலில் இதைப் பயிரிடுகிறார்கள். மணல் என்பதால் வேர் ஆழமாக இறங்கும், அறுபடாமல் பிடுங்கவும் முடியும். வெளியூர்ப் புட்டியைவிட இந்த வேர் நம் வண்டியில் இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

தேவையானவை

நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வெட்டிவேர் வாங்குங்கள், இரண்டு முடிச்சுக்கு வரும். கைக்குட்டை அளவில் பழைய வேட்டித் துணி, கொஞ்சம் சணல் கயிறு, ஏழெட்டு கிராம்பு, ஒரு கைப்பிடி மரிக்கொழுந்து. மரிக்கொழுந்து பூக்கடையிலேயே கிடைக்கும், காய்ந்த பிறகும் மணம் நிற்கும். மல்லிகையைச் சேர்க்காதீர்கள். அன்றைக்கு மணக்கும், இரண்டாம் நாளே அழுகல் வாடை வந்துவிடும்.

செய்முறை

வேரில் மண் இருக்கும். பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், வாசனை தண்ணீரோடு போய்விடும். பிறகு நிழலில் காயப்போடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் குறைந்தது இரண்டு நாள் ஆகும். வேரை வளைத்தால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டினால் பூசணம் பிடித்துவிடும். என்னுடைய முதல் முடிச்சு அப்படித்தான் வீணாகிப்போனது. மரிக்கொழுந்தையும் பக்கத்திலேயே பரப்பிக் காயவையுங்கள்.

காய்ந்த வேரைக் கத்தரிக்கோலால் விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டும்போதே மணம் எழும். கிராம்பை லேசாகத் தட்டிக்கொள்ளுங்கள், பொடியாக்க வேண்டாம். துணியை விரித்து, ஒரு முடிச்சுக்கான வேரில் பாதியை நடுவில் வைத்து, மேலே மரிக்கொழுந்தும் கிராம்பும் போட்டு, மீதி வேரால் மூடுங்கள். நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துச் சணலால் இறுக்கிக் கட்டுங்கள். ஆனால் உள்ளே திணித்து அடைக்காதீர்கள், காற்று புகுந்து வெளியே வந்தால்தான் மணக்கும்.

எங்கே கட்டுவது?

முன்கண்ணாடியில் தொங்கவிடாதீர்கள். ஆடிக்கொண்டே இருந்து பார்வையை மறைக்கும். டேஷ்போர்டில் ஏர்பேக் மேலேயும் வேண்டாம். முன் சீட்டின் தலைசாய்ப்பானைத் தாங்கும் கம்பியில், பின்பக்கமாகக் கட்டுவதுதான் எனக்குச் சரியாக வந்திருக்கிறது. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள், உருண்டு பிரேக் மிதிக்கு அடியில் போய்விட்டால் ஆபத்து.

பாச்சா உருண்டையைக் காரில் போடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். மூடிய இடத்தில் அந்த நாப்தலீன் ஆவி நல்லதில்லை, குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். சூடமும் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும், குழந்தை வாயில் போட்டால் நஞ்சு. கல் உப்பில் வாசனை எண்ணெய் கலந்து வைக்கும் முறை ஒன்று சொல்வார்கள். நம் ஊர்க் காற்றில் அந்த உப்பு கசிந்து தண்ணீராகிவிடும்.

எலுமிச்சைப்புல் மணம்தான் பிடிக்கும் என்றால் புதுச்சேரியில் கிடைக்கும் கைத்தயாரிப்புக் காகிதத்தைப் பயன்படுத்துங்கள். தடிமனான தாளில் உள்ளங்கை அளவு வெட்டி, ஓட்டை போட்டு, நான்கு சொட்டுத் தைலம் விட்டு, ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கட்டுங்கள். எண்ணெய் பிளாஸ்டிக்கில் பட்டால் கறை விழும், மேல்பூச்சும் இளகும். அதனால் எதிலும் உரசாமல் தொங்க வேண்டும்.

முடிச்சின் மணம் குறைந்தால் கையால் நன்றாகக் கசக்கிவிடுங்கள். கோடையில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் வாசம் திரும்ப எழும், அன்றைக்கு மட்டும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெளிக்கவே வேண்டாம். வெயில் தலைகாட்டும்போது அவிழ்த்து உலர்த்திக் கட்டினால் போதும். கசக்கியும் மணம் வரவில்லை என்றால் கிராம்பையும் மரிக்கொழுந்தையும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாத வேரை எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடியின் அடியில் போட்டுவிடுகிறோம்.