இழுத்தால் பலன் இல்லை: ஓய்வு யோகாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள், நாள் முழுக்க உட்கார்ந்தே முந்திரி உடைக்கும் பெண்கள், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர்கள். குமரி மாவட்டத்தில் இடுப்பு வலிக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இப்படிப்பட்ட உடம்புக்குத் தோதானது ‘ரெஸ்டோரேட்டிவ்’ யோகா, அதாவது ஓய்வு யோகா.

புனேயில் பி.கே.எஸ். அய்யங்கார் தலையணை, கம்பளி, நாற்காலி, பெல்ட் என்று துணைப்பொருட்களை வைத்து ஆசனம் கற்பித்தார். அவரிடம் படித்த அமெரிக்கர் ஜூடித் லாசட்டர் இந்த ஓய்வு முறையைப் பரவலாக்கினார். ஒரு அமர்வுக்கு நாலைந்து ஆசனம் போதும். ஒவ்வொன்றிலும் 5 முதல் 20 நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது இந்தக் ‘கிடப்பதில்’தான். யோகாவும் கற்றுத்தரும் விவேகானந்த கேந்திரம் 1972 முதல் இருக்கும் மாவட்டம் இது. யோகா இங்கே புதிதல்ல. அதுவே ஒரு சிக்கல். சூரிய நமஸ்காரம் பழகியவருக்குத் தொடை இழுக்காவிட்டால் எதுவுமே செய்யாத மாதிரி இருக்கும். சுப்த பத்த கோணாசனத்தில் மல்லாந்து, பாதங்களைச் சேர்த்து வைத்ததுமே முழங்காலைத் தரையை நோக்கி அழுத்துவார். இழுபடும் தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகி நிற்கும். உடம்பு ஓய்வுக்குள் போகாது. இரண்டு தொடைக்கு அடியிலும் உயரம் கொடுத்து, இழுவையே தெரியாதபடி செய்ய வேண்டும். மூச்சை விடும்போது தாடையோ அடிவயிறோ இறுகியிருந்தால் இன்னும் ஒரு தலையணை வேண்டும் என்று அர்த்தம். இதற்காகக் கடையில் போல்ஸ்டர் என்கிற கெட்டியான உருளைத் தலையணை வாங்க வேண்டாம். வீட்டிலுள்ள இலவம்பஞ்சுத் தலையணையோ அமுங்கிவிடும். இறுக்கிச் சுருட்டிய ஜமுக்காளம்தான் நிற்கும்.

இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவது அடுத்த தவறு. மூச்சும் இதயத்துடிப்பும் நிதானப்படவே சில நிமிடம் ஆகும். போனில் அலாரம் வைத்துவிட்டு, அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நடுவே தூங்கிப்போனால் குற்றமில்லை, குறட்டைக்கும் தண்டனை கிடையாது. ஆனால் விழித்தபடி ஓய்வதைப் பழகுவதே நோக்கம்.

அசையாத உடம்பு சீக்கிரம் குளிரும். ஆனி, ஆடிச் சாரலில் மொசைக் தரையும் ஃபேனும் சேர்ந்தால் தோள் தானாக இறுகும்; ஒரு போர்வை அவசியம். மரச்சீனியும் மீன்கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் கழியட்டும். நெஞ்செரிச்சலோடு ஓய்வெடுக்க முடியாது.

சுவரில் கால் தூக்கி வைக்கும் விபரீத கரணி எல்லோருக்கும் ஆகாது. கண் அழுத்த நோய், கட்டுக்குள் வராத பி.பி., இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் நெடுநேரம் மல்லாந்து கிடக்கக் கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தால் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் செய்வதைவிட, வாரத்தில் நாலைந்து நாள் 20 நிமிடம் நல்லது. தொடர்ந்து செய்தால் இறுக்கம் தளரும், பலருக்குத் தூக்கமும் சீராகும். சர்க்கரை போய்விடும் என்று வீடியோவில் யாராவது சொன்னால் நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். ஒருபக்கமாகத் திரும்பிப் படுத்து, கையூன்றி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்துப் பிறகு எழுங்கள்.